பளபளப்புக்கு ஒரு விரல்

அவளைப் பல் டாக்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒரு மனிதர் வாயைக்கூட அவள் திறந்து பார்த்ததில்லை. அவள் பார்ப்பதெல்லாம் கத்தியின் பல். ரொட்டி வெட்டும் கத்தி, தக்காளி நறுக்கும் கத்தி, உறைந்த இறைச்சியை அறுக்கும் நீளக் கத்தி என்று விளிம்பில் ரம்பம் மாதிரிப் பல் வைத்தது எதுவானாலும், மொட்டையாகிவிட்டால் அவள் மேசைக்கு வந்துவிடும். படுக்கையறை ஜன்னல் ஓரத்தில் அந்த மேசை. அதன் மேல் கழுத்து வளையும் விளக்கு, கத்தியைக் கவ்விப் பிடிக்க ஒரு பிடிப்பான், டப்பா நிறைய விரல் நகம் அளவில் கற்கள், பேனாவைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொள்ளும் ஒரு சின்னச் சுழல் மெஷின். அது ஓட ஆரம்பித்தால் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். நிஜப் பல் டாக்டரிடம் ஒரு தடவை போய் வந்தவர்களுக்கு அதைக் கேட்டாலே தாடை கூசும். அவள் மாமியார் அந்தச் சத்தம் வந்த மறுகணமே காது மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். மருமகளோடு பேசப் பிடிக்காத நாட்களில் சத்தம் வராமலேயே கழற்றி வைத்துக்கொள்வதும் உண்டு.

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பது சொந்தக்காரர்கள் பேச்சு. கொஞ்சம் அநியாயமான பேச்சுதான். காரணம் இல்லாமல் அவள் யார் மேலும் பாய்ந்ததில்லை. காரணம்தான் நாள் தவறாமல் வாசலுக்கு வந்து நின்றது, அதற்கு அவள் என்ன செய்வாள்?

முன்பு பதினோரு வருடம் செயற்கைப் பல் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். வாய்க்குள் போவதற்கு முன்னால் பல்செட்டைத் தேய்த்து வழவழப்பாக்குவது அவள் வேலை. யாரோ ஒரு பெரிய மனிதருக்குப் பல்செட் பொருந்தவில்லை. அச்சு எடுத்தவன் அவசரத்தில் கோணலாக எடுத்துத் தொலைத்திருந்தான். ஆனால் அவன் முதலாளியின் மச்சான். ஆகவே தேய்த்தவள்தான் கெடுத்தாள் என்று முதலாளி முடிவு கட்டினார். "நான் தேய்ச்சா மயிரிழை போகும் சார். இது ஒரு பக்கமே இறங்கிக் கிடக்கு. தேய்ச்சதுல வருமா இது? கண்ணத் திறந்து பாருங்க" என்று கேட்டாள். அவர் பார்க்கவில்லை. அன்று மத்தியானமே மேலங்கியைக் கழற்றி அவர் மேசையில் போட்டுவிட்டு வந்துவிட்டாள். வேலை போனது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பழி மட்டும் முள்ளாக உள்ளேயே தங்கிவிட்டது. செய்யாத தப்புக்கு யாராவது திட்டு வாங்குவதைக் கண்டால் இன்றைக்கும் அவளால் சும்மா கடந்து போக முடியாது. சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, நடுவில் போய் நின்றுவிடுவாள்.

கத்திக்கு வந்தது இன்னொரு கோபத்தில். அக்கா வீட்டு ரொட்டிக் கத்தி மொட்டையாகிவிட்டது என்று தீட்டக் கொண்டுபோனாள். கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "பல் வச்ச கத்தியெல்லாம் தீட்ட முடியாதும்மா. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்குங்க" என்றார். நல்ல இரும்பு, ஆடாத பிடி, வளையாத முதுகு. இதைத் தூக்கிப் போடுவதா? வாங்கு, வீசு, மறுபடி வாங்கு என்பதே இவர்களுக்குப் பிழைப்பாகிவிட்டது என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தாள். பல்செட் தேய்த்த மெஷினின் தம்பி மாதிரி ஒன்றைத் தேடி வாங்கினாள். முதலில் தன் வீட்டுக் கத்தியைக் கெடுத்தாள். அடுத்து அக்காவின் கத்தியைக் கெடுத்தாள். அக்கா இரண்டு மாதம் பேசவில்லை. மூன்றாவது கத்தி ரொட்டிக்குள் இறங்கியபோது ஒரு தூள்கூட உதிரவில்லை.

பல் கத்தியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதன் ஒரு பக்கம்தான் சாய்வாகச் செதுக்கியிருக்கும், மறுபக்கம் தட்டை. சாய்வான பக்கத்தில், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு பள்ளத்திலும், அந்தப் பள்ளத்தின் அளவுக்கே ஆன கூம்புக் கல்லை வைத்துத் தேய்க்க வேண்டும். அவள் முதலில் பள்ளங்களில் மார்க்கரால் கறுப்பு மை தடவிக்கொள்வாள். மெஷினை மெதுவாக ஓட விடுவாள். வேகத்தைக் கூட்டினால் இரும்பு சூடேறி நீலம் பாரித்துவிடும், அப்புறம் அது கத்தி இல்லை, தகரம். ஒரு பள்ளத்துக்கு மூன்று தொடுகை, மிஞ்சினால் நான்கு. மை போனதும் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு அடுத்த பள்ளம். ஒரு ரொட்டிக் கத்தியில் நாற்பது பள்ளமாவது தேறும். எல்லாம் முடிந்தபின் தட்டைப் பக்கத்தில் நூல் மாதிரி ஒரு பிசிறு நிற்கும். அதை மெல்லிய உப்புத்தாளால் ஒரே ஒரு தடவை வருடி எடுப்பாள். அதோடு சரி. தட்டைப் பக்கத்துக்கு மெஷினைக் காட்டவே மாட்டாள். பல்லின் முனையில் கல் பட விடமாட்டாள். ரொட்டித் தோலை முதலில் கவ்வுவது முனைதான். முனை மழுங்கினால் கத்தி கவ்வாது, வழுக்கும். வழுக்கினால் அது எங்கே போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு வருடமாக ஒரு பெரிய பேக்கரியின் கத்திகள் அவளிடம் வந்துகொண்டிருந்தன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, துணியில் சுற்றி, பன்னிரண்டு கத்திகள். அவள் சம்பாத்தியத்தில் ஒரு நல்ல பங்கு அந்தத் துணி மூட்டையிலிருந்துதான் வந்தது. போன வருடம் அங்கே ஒரு புது மேனேஜர் வந்தார். வந்த கையோடு சுவருக்கு வெள்ளை அடித்தார், கவுன்ட்டருக்குக் கண்ணாடி போட்டார், வாடிக்கையாளர் கண் முன்னால் ரொட்டியை வெட்டித் தர வேண்டும் என்றார். அதுவரை யாருக்கும் நஷ்டம் இல்லை. அப்புறம்தான் கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"என்னம்மா, தீட்டினேன்னு சொல்றீங்க, கத்தி கறுத்துப் போய் அப்படியே இருக்கு? வேலை செஞ்ச மாதிரியே தெரியலையே?"

"வெட்டிப் பாத்தீங்களா சார்?"

"வெட்டுறது இருக்கட்டும்மா. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? பளபளன்னு இருக்க வேண்டாமா?"

அவள் பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். பளபளப்பு வேண்டுமென்றால் மெஷினில் கம்பளி வட்டை மாட்டி, பச்சை மெழுகு தடவி, கத்தி முழுக்க ஓட்ட வேண்டும். முதுகுப் பக்கத் தகட்டில் ஓட்டினால் பரவாயில்லை, பல்லின் மேல் ஓட்டினால் முனையெல்லாம் உருண்டு போகும். அது ஆளை வெட்டும் கத்தியாகிவிடும் என்று விளக்கிச் சொன்னாள். அவர் போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அடுத்த தடவ பாத்துச் செய்ங்க. இல்லன்னா வேற ஆளுங்க இருக்காங்க" என்றார். பொறுமை அந்த இடத்தில் தீர்ந்தது. "கத்தி வெட்டுறதுக்கு சார். முகம் பாக்கணும்னா கண்ணாடி வாங்கி மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் புருஷனிடம் இதை மூன்று தடவை நடித்துக் காட்டினாள். தடவைக்குத் தடவை மேனேஜரின் குரல் கீச்சென்று ஆகிக்கொண்டே போனது.

புருஷன் சண்டை சச்சரவு என்றால் காத தூரம் ஓடுகிற ஆள். ஸ்கூட்டரில் கத்திகளை வாங்கி வருவதும் திருப்பிக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. "அவர் கேட்ட மாதிரி லேசா ஒரு பாலிஷ் போட்டுக் குடுத்துடேன். வாடிக்கை போயிடப் போகுது" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். "என் கை ஆடுற வரைக்கும் அது நடக்காது" என்றாள். அவர் ஸ்கூட்டரைத் துடைக்க வெளியே போய்விட்டார்.

அடுத்த மூட்டை வந்தது. பன்னிரண்டு கத்திகளையும் தீட்டினாள், ஒவ்வொன்றையும் செய்தித்தாளிலும் தக்காளியிலும் ஓட்டிப் பார்த்தாள், துணியில் சுற்றி வைத்தாள். புதன்கிழமைகளில் அவள் ஒரு ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்துக்குப் போய், அங்கேயே உட்கார்ந்து, அங்கே உள்ள மெஷினில் அவர்கள் கத்திகளைத் தீட்டுவது வழக்கம். அவள் கிளம்பியபின் புருஷன் பேக்கரி மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சாயங்காலம் மேனேஜரிடமிருந்து செய்தி வந்தது: 'சூப்பர். இப்போதுதான் கத்தி கத்தி மாதிரி இருக்கிறது.' அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா? வெட்டிப் பாத்திருக்காரு மனுஷன். புத்தி வந்துடுச்சு" என்று அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். புருஷன் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து மேனேஜர் போன் செய்தார். கவுன்ட்டரில் ரொட்டி வெட்டுகிற சின்னக்காவுக்குக் கையில் வெட்டு, ஐந்து நாள் ஆகிறது, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், கையெழுத்துப் போட உடனே வரவும் என்றார். "உங்க கத்தியாலதாம்மா. அளவுக்கு மீறித் தீட்டி வச்சிருக்கீங்க."

அளவுக்கு மீறி! ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க அவள் பொரிந்து தள்ளினாள். "நாக்கு மேல பல்லப் போட்டு எப்படிங்க பேசுறாரு? கூரான கத்தி வெட்டுற எடத்துலதான் வெட்டும். ஆறு வருஷத்துல ஒரு கை, ஒரு விரல், கீறல் பட்டிருக்குமா? வரட்டும், இன்னைக்கு நான் கேக்குற கேள்வியில..." ஆறு வருடமாகப் போய் வருகிற வழியில் புருஷன் அன்று இரண்டு இடத்தில் தப்பாகத் திரும்பினார்.

மேனேஜர் அறையில் சின்னக்கா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இடது கை முழங்கை வரை கட்டு. சின்னக்கா என்று பெயர்தானே தவிர வயது முப்பதுகூட இருக்காது. மேனேஜர் தாளை எடுத்து வாசித்தார்: தொழிலாளியின் கவனக்குறைவு, கத்தி அளவுக்கு மீறிக் கூராக இருந்தது.

"கவனக்குறைவுன்னு எழுதினா என்னை நிறுத்திடுவாங்கக்கா" என்றாள் சின்னக்கா. "வைத்திய லீவும் கிடையாதாம்."

"எந்தக் கத்தி சார்? எடுங்க, நான் பாக்கணும்" என்றாள் பல் டாக்டர்.

பிளாஸ்டிக் பையிலிருந்து அவர் அதை எடுத்து நீட்டினார். கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். கத்தியில் அவள் முகம் தெரிந்தது. நெற்றிப் பொட்டு, மேலே ஓடிய விசிறி, பின்னால் நின்ற புருஷனின் சட்டைக் காலர் எல்லாமே தெரிந்தது. பெருவிரல் நகத்தைப் பற்களின் மேல் ஓட்டினாள். கவ்வ வேண்டிய நகம் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போனது. ஒவ்வொரு முனையும் உருண்டிருந்தது. பிடியும் தகடும் சேருகிற இடுக்கில் கொஞ்சம் பச்சை மெழுகு ஒட்டிக் காய்ந்திருந்தது. அவள் டப்பாவில் இருந்த அதே மெழுகு.

திரும்பிப் பார்த்தாள். புருஷன் ஹெல்மெட்டின் பட்டையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

அவள் பேசாமல் நின்றதை மேனேஜர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். குரலைத் தணித்தார். "சரிம்மா, ரொம்ப நாளா வேலை செய்றீங்க. கத்தியப் பத்தின வரிய எடுத்துடறேன். கவனக்குறைவுன்னு மட்டும் இருக்கட்டும். அடுத்த மாசம் கத்தி வழக்கம்போல வரும். சரிதானே?"

எவ்வளவு சுலபம்! தலையை ஆட்டினால் போதும். வாடிக்கை தங்கும், புருஷன் மானம் தங்கும், ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவள் மட்டும் வீட்டுக்குப் போவாள். இப்படிப் பூசி மெழுகப் பார்க்கிற மேனேஜர் மேல் பல் டாக்டருக்கு எரிச்சல். முதுகுக்குப் பின்னால் மெஷினைத் தொட்ட புருஷன் மேல் எரிச்சல். எல்லாவற்றுக்கும் மேலாக, பளபளப்பைப் புகழ்ந்த செய்தியைத் தன் கைத்திறனுக்குக் கிடைத்த புகழ் என்று நம்பி, இரண்டு தடவை படித்து மகிழ்ந்த தன் மேல்தான் தாங்க முடியாத எரிச்சல்.

"ஒரு ரொட்டி கொண்டு வரச் சொல்லுங்க" என்றாள். "தோல் கெட்டியா இருக்கணும்."

அடுப்பு பார்க்கிற பெரியவர் நீள ரொட்டி ஒன்றோடு வந்தார். அவள் அதை மேனேஜரின் மேசையிலேயே, தாள்களுக்குப் பக்கத்தில் வைத்து, பளபளக்கிற கத்தியை மேலே வைத்து இழுத்தாள். கத்தி தோலைக் கவ்வாமல் பக்கவாட்டில் சறுக்கி மேசையில் 'டக்' என்று இறங்கியது. மேனேஜர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? இது கூரு இல்ல சார். மொட்டை. மழுங்கின கத்திய அழுத்தித்தான் வெட்டணும். அழுத்தினா இப்படித்தான் ஓடும். இவ கவனமா இருந்திருந்தாலும் ஓடியிருக்கும்."

அடுப்புக்காரர் தயங்கித் தயங்கி, "உள்ள நம்ம பழைய மாதிரி கத்தி ஒண்ணு இருக்கும்மா. மாவு டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கோம்" என்றார். எடுத்து வந்தார். கறுத்த, அழகில்லாத கத்தி. அதை வைத்ததும் தோல் நறுக்கென்று விட்டுக்கொடுத்தது. பன்னிரண்டில் ஒன்று மட்டும் எப்படித் தப்பியது என்று அவள் புருஷனைப் பார்த்தாள். "மெழுகு தீந்துடுச்சு" என்றார் அவர், தரையைப் பார்த்து. அந்த நேரத்தில் அந்த மனிதரை என்ன செய்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"இந்தக் கத்திய என் வீட்டுல, என் மெஷின்லதான் கெடுத்திருக்காங்க" என்றாள் மேனேஜரிடம். "கெடுத்தது நான் இல்லன்னு சொல்லித் தப்பிச்சுக்க மாட்டேன். என் மேசையில நடந்தது என் பொறுப்பு. இவ மேல ஒரு எழுத்து இருக்கக் கூடாது. மாத்தி எழுதுங்க."

மேனேஜருக்கு அதில் கசப்பு ஒன்றும் இல்லை. பழி பேக்கரிக்கு வெளியே போனால் அவருக்கு நிம்மதிதான். ஐந்து நிமிஷத்தில் புதுத் தாள் அடித்து வந்தது: கத்தி மழுங்கியிருந்ததால் வழுக்கியது, தீட்டியவர் பொறுப்பேற்றுக்கொண்டார், தொழிலாளியிடம் தவறில்லை. இனிமேல் கத்தி அனுப்புவதற்கில்லை என்பதையும் சிரித்த முகத்தோடு சொன்னார். அவள் வரிக்கு வரி படித்துக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வரும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. நல்ல வாடிக்கை ஒன்று போனது, ஆனால் ஒருத்தி வேலை தப்பியது. சின்னக்கா ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்றும் உள்ளுக்குள் எதிர்பார்த்தாள், அதை மறைப்பானேன்?

சின்னக்கா கேட் அருகே நின்றிருந்தாள். அவள் ஏதும் சொல்வதற்குள் புருஷன் முந்திக்கொண்டார். "நான்தாம்மா அந்தக் கத்திய மெஷின்ல போட்டேன். இவளுக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"எதுக்குண்ணா?"

"பளபளன்னு இருக்கணும்னு சார் என்கிட்டயும் கேட்டாரு. இல்லன்னா வாடிக்கை போயிடுமேன்னு..."

சின்னக்கா கட்டுப் போட்ட கையை மறு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "நரம்பு போயிடுச்சுண்ணா. இந்த விரல் இனிமே மடங்காதுன்னு சொல்லிட்டாங்க" என்றாள். அழவில்லை. குரலில் நடுங்கியது கோபம். "எனக்கும் பயம்தான், வேலை போயிடுமேன்னு. வழுக்குது சார், வேணாம் சார்னு ரெண்டு தடவ சொன்னேன். உள்ள இருக்கிற கறுப்புக் கத்தியக் குடுங்க, நான் அதுல வெட்டிக்கறேன்னு கேட்டேன். அது கவுன்ட்டருக்கு வரக் கூடாது, பாக்குறவங்களுக்கு அசிங்கமா இருக்கும்னுட்டாரு. அண்ணன் தப்ப அண்ணன் ஒத்துக்கிட்டாரு. நீங்களும் ஏத்துக்கிட்டீங்க. பளபளன்னு கேட்டவரு கையில ஒரு கீறல் இல்ல. அந்தப் பேப்பர்ல அவரு எங்கக்கா இருக்காரு?"

எங்கும் இல்லை. வரிக்கு வரி படித்தவளுக்கு அது உறைக்காமல் போயிருந்தது. தப்பை ஏற்றுக்கொண்ட பெருமையில், தப்பைச் செய்யச் சொன்னவரை அவளே கையெழுத்துப் போட்டு விடுவித்திருந்தாள்.

புருஷன் ஸ்கூட்டரைக் கிளப்பியிருந்தார். அவள் சாவியைத் திருகி அணைத்தாள். "இறங்குங்க. உங்ககிட்ட அவரு என்னென்ன சொன்னாரோ, அத்தனையும் இப்ப அவரு முன்னால சொல்லணும். குனியாம சொல்லணும்." பிறகு சின்னக்காவிடம், "நீயும் வா. ரெண்டு தடவ சொன்னேன்னு சொன்னியே, மூணாவது தடவ சொல்லு. எழுதுற வரைக்கும் நான் பக்கத்துல நிக்கறேன்" என்றாள்.

மூவரும் உள்ளே போனார்கள். மேனேஜர் தாளை மடித்து உறைக்குள் வைத்து, ஓரத்தை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "இன்னும் என்னம்மா?" என்றார்.

"உறையப் பிரிங்க சார்" என்றாள் அவள். "ஒரு பேர் விட்டுப்போச்சு."